அந்த விடை சரியானது

ஞாயிற்றுக்கிழமை வினாடி வினாவில் நடந்ததை நம் ஊரில் பெரும்பாலானோர் காணொளியில் பார்த்துவிட்டீர்கள், ஆகவே அதை முழுவதும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒருநாள் சர்வதேசப் போட்டிகளில் 2,000 ஓட்டங்களையும் 100 விக்கெட்டுகளையும் கடந்த இலங்கைச் சகலதுறை ஆட்டக்காரர் ஒருவரைப் பெயரிடும்படி கேட்டார்கள். என் அக்காவின் மகள் எழுந்து, சஷிகலா சிறிவர்தன என்றாள். ஒலிவாங்கியோடு நின்றவர், “எந்தச் சசிகலா, தமிழ்நாட்டுச் சசிகலாவா?” என்றார். மண்டபம் சிரித்தது. கேள்வி அடுத்த அணிக்குப் போனது.

அந்த விடை சரியானது.

2003இல் இலங்கை அணிக்குள் வந்து 2020 வரை ஆடிய சஷிகலா, ஒருநாள் போட்டிகளில் 2,000 ஓட்டங்களைக் கடந்தவர். சுழற்பந்து வீசி 124 விக்கெட்டுகளை எடுத்தவர். இலங்கைப் பெண்களில் நூறாவது ஒருநாள் விக்கெட்டை முதலில் தொட்டவர். 2013 உலகக் கிண்ணத்தில் அவர் தலைமையில் ஆடிய அணி, அன்றைய நடப்புச் சாம்பியனான இங்கிலாந்தை மும்பையில் ஒரு விக்கெட்டால் வென்றது. கடைசிப் பந்தில் டிலானி மனோதரா அடித்த ஆறு ஓட்டத்தோடு முடிந்த ஆட்டம் அது. நான்கு நாட்கள் கழித்து இந்தியாவை அதன் சொந்த மண்ணிலேயே 138 ஓட்டங்களால் தோற்கடித்தார்கள். 2020 மார்ச்சில் மெல்பேர்னில் பங்களாதேஷுக்கு எதிராகத் தன் கடைசிப் போட்டியில் 16 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து 4 விக்கெட்டுகளை வீழ்த்திவிட்டு அவர் விடைபெற்றார். இவ்வளவையும் பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். கேள்வி கேட்டவரிடம் அந்தப் பெயரே இல்லை.

“கேள்வி ஆண்கள் கிரிக்கெட்டைப் பற்றியது என்பது எல்லோருக்கும் விளங்கும்தானே” என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். எனக்கு விளங்கவில்லை. கேள்வியில் இருந்த சொல் ‘ஆட்டக்காரர்’. அதற்குள் பெண் அடங்க மாட்டாள் என்று யார் முடிவு செய்தது? “சிங்களப் பெண்ணுக்காக நீ ஏன் கொதிக்கிறாய்” என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். சிங்களவரான ஜயசூரிய அடித்தபோது எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தியவர்களில் அவரும் ஒருவர். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல எதுவுமில்லை.

“சின்ன விஷயம், விட்டுவிடுங்கள்” என்பவர்களுக்குத்தான் நான் கொஞ்சம் விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களில் பலர் என் மீது அன்புள்ளவர்கள். டச்சுக்குடாக் கடற்கரையில் அண்ணாமார் ஆடும்போது எனக்குக் கிடைத்த இடம் எப்போதும் தண்ணீர்ப் பக்கம். அலைக்குள் போகும் பந்தை எடுத்து, பாவாடையில் மணலைத் துடைத்து, எறிந்து கொடுப்பதுதான் என் வேலை. ஒரு ஓவர் தாருங்கள் என்று கேட்டால், இருட்டப் போகிறது, நாளைக்குப் பார்ப்போம் என்பார்கள். அதுவும் சின்ன விஷயம்தான். அந்த நாளை வராமலே எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். பாடசாலையில் எல்லே, அதுவும் மட்டையால் பந்தை அடித்து ஓடும் விளையாட்டுத்தான், ஆடினேன், நன்றாகவே ஆடினேன். ஆனால் கையில் பந்தைச் சுழற்றிப் பார்க்கும் ஆசை இன்றைக்கும் விரல்களில் இருக்கிறது.

இந்தப் பிள்ளைக்கும் அதே ஆசை. கிழமைக்கு இரண்டு நாள் மைதானத்தின் ஒரு மூலையில் நான்கு பெண் பிள்ளைகள் பந்து வீசிப் பழகினார்கள். மென்பந்துச் சுற்றுப்போட்டி தொடங்கியதும் அந்த மூலையும் போய்விட்டது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பேசாமல் இருந்த குற்றவுணர்வும் சேர்ந்துதான் இன்று இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

மண்டபத்திலிருந்து வீடு வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. படலையைத் திறக்கும்போதுதான், “சித்தி, நான் பிழையாகச் சொன்னேனா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப ஏன் சிரிச்சவை?” என்றாள்.

ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாசிகசாலைச் சுவரில் ஒட்டியிருக்கும் புள்ளித் தாளில் அந்தக் கேள்விக்கு நேரே இன்னும் பூச்சியம் இருக்கிறது. அதை வெட்டி, உரிய 5 புள்ளிகளை எழுதுங்கள். அவளோடு சேர்த்து ஐந்து பிள்ளைகளின் அணி இரண்டாம் இடத்துக்கு வரும்.