பாலைவனம் பார்க்க மூவாயிரம் ரூபாய் போதும், பிகானேர் போங்கள்

டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் வேலை பார்க்கும் நம்ம ஆட்களுக்கு அக்டோபர் பிறந்தால் பாலைவனம் பார்க்கும் ஆசை வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘ஜெய்சால்மர்?’ என்று போடுவார். பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்துவார்கள். அப்புறம் லீவு கிடைக்காது, கூடாரத்தின் வாடகை கட்டுப்படியாகாது, விஷயம் அப்படியே அமுங்கிவிடும். நான் சொல்வது இதுதான்: கையில் இருப்பது சனி, ஞாயிறு மட்டும், பணமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால், ஜெய்சால்மரை விட்டுவிட்டு, அதே ராஜஸ்தானில் இருக்கும் பிகானேருக்கு ரயில் ஏறுங்கள்.

ஜெய்சால்மர் மோசம் என்று சொல்ல வரவில்லை. 1156இல் எழும்பிய கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் குடியிருக்கும் ஊர் அது. ஆனால் டெல்லியிலிருந்து ரயிலில் போய்ச் சேரவே அரை நாளுக்கு மேல் ஆகும், திரும்பவும் அவ்வளவு. இரண்டு நாள் விடுமுறையில் பாதி ரயில் பெட்டியிலேயே போய்விடும். போதாததற்கு, அங்கே ‘சம்’ என்ற இடத்து மணல்மேட்டுக் கூடாரங்களில் ஒரு ராத்திரிக்குப் பல ஆயிரம் கொடுத்தால் கிடைப்பது காது கிழியும் ஸ்பீக்கர், வரிசையில் நிற்கும் ஜீப்புகள், ஐந்து நிமிட ஒட்டகச் சவாரி. நட்சத்திரம் பார்க்கப் போனவர்கள் டிஸ்கோ விளக்கைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் குடத்தில் சுமந்து வாழ்ந்த காலத்துக் கோட்டை அது. இப்போது உள்ளேயே விடுதிகள், குழாய்கள், குளியலறைகள் என்று வந்து, கழிவுநீர் அடித்தளத்தில் இறங்கிக் கோட்டையே ஆட்டம் கண்டது. என்றைக்காவது நீண்ட லீவு எடுத்துப் போனால் கோட்டைக்கு வெளியே தங்குங்கள்.

பிகானேர் கதை வேறு. வெள்ளிக்கிழமை வேலை முடித்து, சாப்பிட்டுவிட்டு, டெல்லி சராய் ரோஹில்லா ஸ்டேஷனில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் ஊரில் இருக்கலாம். தூரம் சுமார் 450 கிலோமீட்டர். ஸ்லீப்பர் டிக்கெட் முந்நூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். ஞாயிறு ராத்திரி திரும்ப ஏறினால் திங்கள் காலை டெல்லி. ஆக, விடுதிக்கு ஒரே ஒரு ராத்திரி வாடகைதான். ஸ்டேஷனைச் சுற்றியே ஆயிரம் ரூபாய்க்குள் சுத்தமான அறை கிடைக்கும். இரண்டு பேராகப் போனால் தலைக்கு ஐந்நூறு. சாப்பாடு, ஆட்டோ, பஸ், நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்தும் ஆளுக்கு மூவாயிரத்தைத் தாண்டுவது கஷ்டம். (மதுரையிலிருந்தே பிகானேருக்கு வாராந்திர அனுவ்ரத் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் அதில் வந்தால் சனி ஞாயிறு எந்த மாநிலத்தில் கழியும் என்று சொல்ல முடியாது.)

ஏன் இவ்வளவு மலிவு? பிகானேர் சுற்றுலாப் பயணியை நம்பிப் பிழைக்கும் ஊர் இல்லை, அதனால்தான். அதற்கென்று சொந்தத் தொழில் இருக்கிறது: கம்பளி, அப்பளம், இனிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக புஜியா. நரிப்பயறு மாவில் பிழிந்து பொரிக்கும் இந்தக் காரத்துக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகமெங்கும் விற்கும் ஹல்திராம் 1937இல் தொடங்கியது இந்த ஊர்க் கடை ஒன்றில்தான். டீக்கடையிலும் கச்சோரிக் கடையிலும் நமக்கு முன்னால் நிற்பவர் உள்ளூர் வியாபாரி, ஆசிரியர், மூட்டை தூக்குபவர். அவர்கள் கொடுக்கும் விலைதான் நமக்கும். நம் முகத்தைப் பார்த்து விலை சொல்லும் ஊர்களில் அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

முதல் நாள் காலை ஜூனாகட் கோட்டைக்குப் போங்கள். அக்பரின் தளபதிகளில் ஒருவரான ராஜா ராய் சிங் 1589இல் தொடங்கி 1594இல் முடித்த கோட்டை. ராஜஸ்தானின் மற்ற பல கோட்டைகள் மாதிரி மலை மேல் இல்லை, சமதரையில் நிற்கிறது. வயசான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. உள்ளே அனூப் மஹாலின் தங்கவேலையை எல்லோரும் வாய்பிளந்து பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது பாதல் மஹால். சுவர் முழுக்க நீல மேகம், மின்னல், மழைத்தாரை. பிகானேருக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் மழையைச் சென்னை 2015 டிசம்பரில் ஒரே நாளில் வாங்கியது. அப்படிப்பட்ட ஊரின் ராஜா மழையைச் சுவரில் வரையச் சொல்லி அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அருங்காட்சியகத்தில் முதல் உலகப் போர்க் காலத்து விமானம் ஒன்றும் இருக்கிறது. மகாராஜா கங்கா சிங்குக்கு ஆங்கிலேயர் கொடுத்தது. அவர் 1919இல் அந்தப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். ஆனால் ஊர்க்காரர்கள் அவரைக் கும்பிடுவது 1927இல் சட்லஜ் தண்ணீரைக் கால்வாய் வெட்டி இந்த மணல் நாட்டுக்குக் கொண்டுவந்ததற்காக.

மதியம் பழைய நகரத்துக்குள் நடந்தே போங்கள். கோட் கேட் பக்கம் ரயில்வே கேட் போட்டிருப்பார்கள், கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள், ஊர்க்காரர்கள் பல வருஷமாகப் புலம்பும் விஷயம் அது. தாண்டினால் ராம்புரியா வணிகக் குடும்பத்தின் சிவப்புக்கல் ஹவேலிகள், அதாவது பழைய மாளிகைகள். பார்க்கக் காசு இல்லை, தெருவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். அப்படியே பண்டாசர் ஜெயின் கோயில். அஸ்திவாரக் கலவையில் தண்ணீருக்குப் பதில் நெய் ஊற்றியதாகக் கதை. ஒரு நெய் வியாபாரி கட்டியது என்பதால் கதைக்குப் பொருத்தமும் இருக்கிறது. இருட்டினதும் சௌக் எனப்படும் தெருச் சதுக்கங்களில் ‘பாட்டா’ எனப்படும் பெரிய மரப் பலகைகளில் ஆட்கள் வந்து உட்காருவார்கள். நம்மூர்த் திண்ணை மாதிரிதான், ஆனால் நடுத்தெருவில். தேர்தல், கிரிக்கெட், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று நடுராத்திரி வரை பேச்சு. அரைகுறை இந்தியில் நாமும் கலந்துகொள்ளலாம், விரட்ட மாட்டார்கள். எந்தக் கூடார விடுதியின் ‘கலாச்சார நிகழ்ச்சி’யையும் விட இது எனக்கு ஒசத்தி.

ஞாயிறு காலை தேஷ்நோக். முப்பது கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. கர்ணி மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான எலிகள், பெரிய தட்டுகளில் பால் குடித்துக்கொண்டு, நம் காலின் மேலேயே ஓடும். செருப்பைக் கழற்றியாக வேண்டும் என்பதால் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள், வெளியே வந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். எலியைக் கண்டாலே அலறுகிறவர்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கட்டும், வற்புறுத்தாதீர்கள். அதே சமயம் சீ என்று முகம் சுளித்து வீடியோ போடுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. ‘சாரண்’ என்ற சமூகத்தார் தங்கள் முன்னோர் எலியாகப் பிறந்து அங்கே இருப்பதாக நம்புகிறார்கள். நாம் இன்னொருவர் வீட்டுக்குப் போயிருக்கிறோம், அவ்வளவுதான்.

பிற்பகலில் ஜோர்பீரில் உள்ள தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம். போவதற்கு முன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒட்டகப் பாலில் டீ, குல்ஃபி கிடைக்கும். டீயில் லேசான உப்புச் சுவை தெரியும், எனக்குப் பிடிக்கும், கூட வருபவர்களுக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஒட்டகங்கள் சுமார் இரண்டரை லட்சம்தான். 2012இல் நான்கு லட்சம் இருந்தன. வண்டி இழுக்கிற வேலை போன பின் ஒட்டகத்தை வளர்க்கிறவர்கள் பாலை விற்றாலாவது பிழைக்கலாமா என்று பார்க்கிறார்கள். சவாரிக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சம் இங்கே குல்ஃபிக்குக் கொடுங்கள்.

“சரி, மணல்மேடு எங்கே?” என்று கேட்பீர்கள். ராய்சர் பக்கம் இருக்கிறது, ஆட்டோ பேசிப் போய் அஸ்தமனம் பார்த்து வரலாம். சம் மாதிரி பிரம்மாண்டம் இல்லை, அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் தார் பாலைவனம் என்பது வெறும் மணல் அலை இல்லை. பெரும்பகுதி முட்புதரும், நம்ம கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியும், ஆட்டு மந்தையும்தான். வன்னிக் காயைக் காயவைத்து, கேர் என்ற காட்டுக் காயோடு சேர்த்துச் செய்யும் கறியைக் கம்பு ரொட்டியோடு ஒரு வேளையாவது சாப்பிடுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், ஸ்லீப்பரில் போகிறவர்கள் கம்பளி இல்லாமல் ஏறாதீர்கள். மே மாதம் விடுதி மலிவு என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள், வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ஞாயிறு ராத்திரி ரயிலில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் திரும்பும் டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் போகிற டிக்கெட்டைப் பாருங்கள்.