கௌரியா, கெளரியா?

அக்காவின் 'கௌரி' கடைக்குத் தமிழிலேயே இணைய முகவரி வாங்கினேன். படிவத்தில் முதல் கட்டளை: "சிறிய எழுத்தில் மட்டும் தட்டவும்." கௌரிக்கு ஏதய்யா பெரிய எழுத்து, சிறிய எழுத்து? சரி, போகட்டும்.

வாங்கிய பிறகுதான் வினை. 'கௌரி'யில் இருப்பது ஔகாரக் குறி. பாதிப் பேர் 'கெ' போட்டு, பக்கத்தில் 'ள' தட்டுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு முகவரி. 'கொ'வைக் கொம்பு, கால் என்று பிரித்துத் தட்டினால்கூடச் சேர்த்துக்கொள்கிறது, இதை மட்டும் சேர்க்காது. (ஜெர்மன்காரர்களின் எஸ்ஸெட் (ß) எழுத்தும் இணைய முகவரிகளுக்கான 2003 விதிப்படி இரட்டை எஸ் (ss) ஆகிவிடும்; 2010இல் வந்த விதியில் தனி எழுத்து. அவர்களும் புலம்பியிருப்பார்கள்.)

அப்புறம், இணைப்பை நகலெடுத்து அனுப்பினால் தமிழ் முகவரி ஆங்கில எழுத்துக்கு மாறிவிடுகிறது: எக்ஸ்என் (xn), இரண்டு சிறுகோடு, பின்னால் வாயில் நுழையாத எழுத்துக் குவியல். "என்னடா இது, வைரஸா?" என்று அக்காவே திறக்கவில்லை.