மொழி தெரியாதவனும் உட்கார்ந்து பார்த்தானே

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் கூட்டத்தில் அந்தப் பேச்சாளர் பேசியதை ஏற்கெனவே பலரும் பகிர்ந்துவிட்டீர்கள். எனக்கு உறுத்துவது ஒரே வரிதான். நம்ம மசாலாப் படத்தை நம்ம ஆளைத் தவிர உலகத்தில் எவனும் பார்க்க மாட்டான், அதில் கலையும் கிடையாது என்றார். அதற்குக் கைதட்டல் வேறு.

எவனும் பார்க்க மாட்டானா? 1954-ல் ‘ஆவாரா’ என்ற இந்திப் படம் சோவியத் நாட்டுக்குப் போனது, கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 1998-ல் ‘முத்து’ டோக்கியோவில் மாதக்கணக்கில் ஓடியது. அங்கே டிக்கெட் வாங்கியவர்கள் பரமக்குடியிலிருந்து பிழைக்கப் போனவர்களா? ஜப்பான்காரர்கள். நைஜீரியாவின் கானோ நகரத்தில் ஹௌசா மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்திப் படம் பார்த்து, அதே மாதிரி பாட்டும் ஆட்டமுமாகச் சொந்தப் படமே எடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? நம் கடலுக்கு அந்தப் பக்கம் 1947-ல் வந்த முதல் சிங்களப் பேசும் படம் மதுரை ஸ்டூடியோவில் எடுத்ததுதான்.

‘கூட்டம் பார்த்தால் கலையாகிவிடுமா?’ என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஷார்ஜாவில் என் அறையில் சூடான்காரர் ஒருவர் இருந்தார், கிரேன் ஓட்டுபவர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. வெள்ளிக்கிழமை நாங்கள் போட்ட பழைய படத்தை, அடியில் எழுத்துகூட ஓடாமல், முழுசாகப் பார்த்தார். பாதியில் என் தோளைத் தட்டி, “அவள் அண்ணனுக்கு இது எப்போது தெரியவரும்?” என்று அரபியில் கேட்டார். அண்ணனுக்குத் தெரியாது என்பதுதான் அந்தக் கதையின் முடிச்சே. வசனம் புரியாத ஒருவருக்கு முகத்தையும் பாட்டையும் வைத்தே அதைச் சொல்லிவிட்டார்களே, அது கலை இல்லையா?

பெண்ணை விரட்டி விரட்டிக் காதலிப்பது, அடித்தால் பத்துப் பேர் பறப்பது, அதையெல்லாம் நான் தாங்கிப் பேச வரவில்லை. குப்பை நிறைய இருக்கிறது, சரி. சத்யஜித் ராய் படம் 1956-ல் கான் விழாவில் பரிசு வாங்கியதில் எனக்கும் பெருமைதான். அதை எடுத்து ஏன் எங்கள் தலையில் அடிக்கிறீர்கள்? 2023-ல் ‘நாட்டு நாட்டு’ ஆஸ்கர் வாங்கிய அன்று எத்தனை பேர் துள்ளினீர்கள்! அதுவும் நடுப்படத்தில் வரும் குத்துப்பாட்டுதானே. வெளிநாட்டுக்காரன் முத்திரை குத்தின பிறகுதான் நமக்குக் கண் தெரிய வேண்டுமா?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், என் வாப்பா அந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரியபட்டினம் பக்கம் டூரிங் டாக்கீஸில் பதினாறு வருஷம் ஆபரேட்டர். படம் காட்டும் எந்திரத்துக்குள்ளே வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய, இடைவெளி பார்த்து நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கிவிடும். வாடைக்காற்றில் திரைத்துணி உப்பி, கதாநாயகன் முகம் வீங்கித் தெரியும். அப்படியும் வலை இழுத்த கையோடு வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்கள். அவர்களுக்கு ரசனை இல்லை என்று மைக்கில் சொல்ல எப்படி மனசு வந்தது?

வண்டியில் திரும்பும்போது தேவிபட்டினம் விலக்கு வரை வாப்பா பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “அந்தத் தம்பி எந்தப் படத்தைச் சொல்றாரு? நான் ஓட்டுனதையா?”

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.