சார்ப்பில் கிடக்கும் நாற்றுத் தட்டுகள்

எங்கள் வீட்டுச் சார்ப்பில் பரசூட் நாற்றுத் தட்டுகள், அதாவது நெல் நாற்றை மண்கட்டியோடு வளர்த்து வயலில் எறிவதற்கான பிளாஸ்டிக் தட்டுகள், ஒரு கட்டு கிடக்கின்றன. ஒவ்வொரு தட்டிலும் 434 குழிகள். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மானியத் திட்டத்தின் கீழ், அரை நாள் பயிற்சியின் முடிவில், கையொப்பம் வாங்கிக்கொண்டு தந்தார்கள். நெல் நாற்றுக்காக அவை இன்றுவரை ஒரு தடவைகூட மண்ணைக் காணவில்லை. மனைவி அவற்றில் சிலவற்றில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாற்றுப் போடுகிறார்; வெயில் பட்டவை நொருங்கிவிட்டன.

பரசூட் முறையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது நல்ல முறை. வீசி விதைப்பதற்கு ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் என்பது விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு. புல்லை அமுக்க வேண்டும் என்று நாங்கள் அதற்கு மேலும் போடுகிறோம். தட்டில் வளர்த்தால் அந்த 2 புசலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போதும். 12 முதல் 15 நாள் நாற்றை மண்கட்டியோடு எறிவதால் வேர் அறாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்குச் சேறடித்து மட்டம் பிடித்த வயல் வேண்டும். வன்னியில் பெரும்போகத்துக்கு மழையை நம்பிப் புழுதியில் விதைப்பவர்களே அதிகம். அந்த நேரம் குளம் அடிமட்டத்தில் கிடக்கும். ஆகவே இந்த முறை எங்களுக்குப் பொருந்துவது சிறுபோகத்தில்தான். சிறுபோகத்திலோ எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை நீர்மட்டத்தைப் பார்த்துக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வைத்திருப்பவருக்கும் சில வருடங்களில் கிடைப்பது ஒரு துண்டுதான். எங்களுக்குப் பயிற்சி நடந்தது கார்த்திகையில், வயலில் நெல் முழங்கால் உயரம் நின்றபோது. ஏன் கார்த்திகை என்று கேட்டதற்கு, பணம் தந்தவர்களின் கணக்காண்டு மார்கழியோடு முடிகிறது என்று வந்தவர் ஒளிக்காமல் சொன்னார்.

வன்னிக்கு வரும் விவசாயப் பயிற்சி மானியங்களைப் பற்றிய என் முறைப்பாடு இதுதான்: பணம் நிதி வழங்குநரின் நாட்காட்டியில் ஓடுகிறது, பயிர் எங்கள் நாட்காட்டியில் ஓடுகிறது. இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 2009 இல் போர் முடிந்த பின் மீள்குடியேறியபோது மண்வெட்டி, விதைநெல், நீரிறைக்கும் இயந்திரம் எல்லாம் பட்டியல், கையொப்பம், புகைப்படம் என்ற ஒழுங்கில் வந்தன. அது நிவாரணம், அந்த நேரத்தில் அப்படித்தான் கொடுக்க முடியும், அதனால்தான் நாங்களும் மீண்டும் வயலில் இறங்கினோம். ஆனால் நிவாரணம் போய்ப் பயிற்சி வந்த பின்னும் அச்சு மாறவில்லை. பதாகை, கோவை, பேனா, மதியச் சாப்பாடு, கடைசியில் ஒரு பொருள். அறிக்கையில் பயிற்றப்பட்டோர் தொகை ஏறும். அடுத்த போகத்தில் அவர்களில் யார் எதைச் செய்து பார்த்தார் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

வேறு விதமாகச் செய்யலாம் என்பதற்குச் சான்று புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1989 இல் இந்தோனேசியாவில் தொடங்கி, பின்னர் இலங்கைக்கும் வந்த வயற்பாடசாலை முறையில், ஏறக்குறைய 25 விவசாயிகள் ஒரு போகம் முழுவதும் வாரம் ஒரு தடவை வயலிலேயே கூடினார்கள். நெல்லின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்தியையும் அதைத் தின்னும் சிலந்தியையும் ஒரே பயிரில் எண்ணிப் பார்த்து, மருந்து அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள். அதற்குச் செலவு மண்டபத்துக்கு அல்ல, விவசாயப் போதனாசிரியர் வாரந்தோறும் வருவதற்கு. எங்கள் பகுதியில் ஒரு போதனாசிரியர் எத்தனை கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடுகிறார் என்பதைப் பார்த்தவருக்குத் தெரியும், அவருடைய பெற்றோலுக்கு ஒதுக்கும் காசு தட்டுக்கு ஒதுக்கும் காசைவிடப் பயனுள்ளது என்று. (2021 சித்திரையில் இரசாயனப் பசளையைத் தடைசெய்ய முடிவெடுத்த பிறகுதான் சேதனப் பசளை தயாரிக்கப் பயிற்சி என்று அழைத்தார்கள், கார்த்திகையில் தடையே நீங்கிவிட்டது. பயிற்சி முந்திவந்து தடை பிந்திவந்திருந்தால் எங்கள் கூட்டெருக் குவியலாவது உக்கியிருக்கும்.)

இணைப்பங்கு மானியம் என்பது இன்னொரு சிக்கல். உலக வங்கியின் நிதியோடு 2016 இல் அங்கீகரிக்கப்பட்ட விவசாயத்துறை நவீனமயமாக்கல் திட்டம் போன்றவற்றில், செலவின் ஒரு பகுதியைத் திட்டம் தந்தது, மிகுதியை விண்ணப்பதாரர் போட வேண்டியிருந்தது. சும்மா கிடைப்பதைச் சார்ப்பில் போட்டுவிடுவார்கள் என்ற நியாயம் எனக்கு விளங்குகிறது. நானே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த மிகுதிப் பங்கு யாரிடம் இருக்கிறது? வன்னியில் பெரும்பாலான காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப் பத்திரத்தோடு கொடுத்த உத்தரவுப்பத்திரக் காணிகள். அந்தப் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் எடுப்பது இலகுவான காரியம் அல்ல. காணாமற்போன கணவனின் பெயரிலேயே இன்னும் பத்திரம் கிடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 1958, 1977 இனக்கலவரங்களில் அடித்துத் துரத்தப்பட்டு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் பல இடங்களில் அந்தப் பத்திரமும் இல்லை. நாள் முழுவதும் தோட்டத்தில் நிற்பவர்கள் இவர்கள்தான். இவர்களுடைய உழைப்பையும், உழவையும், நட்ட வேலியையும் பங்காகக் கணக்கிட முடியாதா என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

புத்தாக்கம் என்ற சொல்லையும் இப்போது அடிக்கடி கேட்கிறோம். விசுவமடு, ஒட்டுசுட்டான் பக்கத்து மணல் மண்ணில் கச்சான் செய்பவர்களுக்குத் தெரியும், பூத்த பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும், அதற்கு உரிய நாளில் மண் அணைக்க வேண்டும், அந்த நாளில் கூலிக்கு ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒட்டுவேலைக்காரர் ஒருவர், லான்ட்மாஸ்ரர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டி இரண்டு பக்கமும் மண் அணைக்கும் கலப்பையொன்றைப் பழைய இரும்பில் செய்திருந்தார். புத்தாக்க மானியம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நான்தான் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிவம் ஆங்கிலத்தில், பதிவுசெய்த நிறுவனமாக இருக்க வேண்டும், கணக்காய்வு செய்த அறிக்கைகளும் வேண்டும். “அண்ணை, இதை நிரப்பிற நேரத்தில நான் இன்னும் ரெண்டு செய்து வித்துப்போடுவன்” என்றார். செய்து விற்கவும் செய்தார்.

எனக்கு அதிகாரம் இருந்தால் ஒரு மானியத்தை இரண்டு பெரும்போகம், இரண்டு சிறுபோகத்துக்குக் குறையாமல் கொடுப்பேன். கால் ஏக்கரில் செய்து பார்ப்பவருக்கு, பயிர் தவறினால் அந்தக் கால் ஏக்கரின் விளைச்சலுக்கு ஈடு கொடுப்பேன்; ஒரு போகம் தவறினால் அடகுக்கடைக்குப் போக வேண்டியவரிடம் துணிந்து செய்யுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தவறிப்போனதையும் எழுதி வைக்கச் சொல்வேன். பூநகரியின் உவர் ஏறிய வயலில் ஏ.டி. 354 என்ற புதிய நெல் இனத்தையும் மொட்டைக்கறுப்பன் என்ற பாரம்பரிய நெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, விளைச்சலையும் விற்ற விலையையும் அந்த வயல்காரரே பதிந்தால், அது எங்கள் எல்லோருக்கும் உதவும் தரவு. பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. இரண்டும் எங்கள் வயலிலிருந்து தூரம் இல்லை.

அடுத்த மாதம் சிறுபோகக் கூட்டம். தண்ணீர் கிடைத்தால் கால் ஏக்கரைச் சேறடித்துத் தட்டு நாற்று எறிந்து பார்ப்பதாகப் போதனாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். மட்டம் பிடிக்கும் அன்றாவது வந்து நிற்பதாகச் சொன்னார். நேற்றுத் தட்டுகளை எண்ணினேன், உடையாதவை 61. கால் ஏக்கருக்கு அது போதாது. ஆனால் பக்கத்து வீடுகளின் சார்ப்பிலும் கிடக்கும், கேட்டுப் பார்க்க வேண்டும்.