நொண்டும் குதிரைக்கு ஒரே ஒரு எக்ஸ்ரே போதாது

"ஒரு எக்ஸ்ரே எடுங்க, முறிவு தெரியலைன்னா மறுநாளே சவாரிக்கு விடலாம்" என்று சேலம், ஏற்காடு குதிரைக்காரர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

கால் மூட்டை பக்கவாட்டில், முன்-பின்னாக, இரு சாய்வுக் கோணங்களில் என்று குறைந்தது 4 படங்கள் எடுப்பதே வழக்கம். விளிம்பில் பெயர்ந்த எலும்புச் சில்லு பல நேரம் சாய்வுப் படத்தில்தான் அகப்படும். மயிரிழை விரிசலோ முதல் நாளில் தெரியாமலே போகலாம். விரிசலின் ஓரத்து எலும்பு சற்றுக் கரைந்த பிறகே அதன் கோடு படத்தில் துலங்கும். அதனால்தான் 7 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். அதுவரை லாயத்தில் ஓய்வுதான். ஏரிக்கரையில் ஆளேற்றி ஓட்டினால் விரிசல் முழு முறிவாகலாம். தசைநார்க் காயம் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது; அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். (குளம்புச் சேறுகூடப் படத்தில் விரிசல்போல விழும்; கழுவிவிட்டுப் போங்கள்.)

சந்தேகமென்றால் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.