பாசிச அறிக்கையை எழுதியவர் குரோச்சே அல்ல

'அழகியல் மேதை பெனதெத்தோ குரோச்சே முசோலினியின் கல்வி அமைச்சர். பாசிச அறிவுஜீவிகள் அறிக்கையை எழுதியவரும் அவரே' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பாசிச ஆட்சியை ஆதரித்து 1925 ஏப்ரலில் வந்த அந்த அறிக்கையை எழுதியவர் இத்தாலியத் தத்துவவாதி ஜொவான்னி ஜென்டீலே. முசோலினியின் முதல் கல்வி அமைச்சரும் அவர்தான். குரோச்சே கல்வி அமைச்சராக இருந்தது 1920-21இல், முசோலினி ஆட்சிக்கு வருமுன் பிரதமராக இருந்த ஜொலித்தியின் அரசில். இருவரும் கருத்துமுதல்வாதிகள் (பொருளைவிடச் சிந்தனையே அடிப்படை என்ற தத்துவத்தைச் சேர்ந்தவர்கள்), 'லா கிரித்திகா' இதழில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து எழுதியவர்கள். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

குரோச்சே செய்ததோ நேர் எதிர். அதே ஆண்டு மே 1 அன்று 'இல் மோந்தோ' நாளிதழில் மறுப்பு அறிக்கை வெளியிட்டார். ஜென்டீலேயின் எழுத்தைப் பள்ளி மாணவன் அரைகுறையாக ஒப்பித்த பாடம் என்ற தொனியில் அதில் சாடியிருக்கிறார். 1926இல் பாசிஸ்டுகள் நேப்பிள்ஸில் அவர் வீட்டுக்குள் புகுந்து சூறையாடினர். 1924இல் செனட்டில் அவர் முசோலினி அரசுக்கு ஆதரவாக வாக்களித்ததும் உண்மைதான்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது வேறு, இது வேறு.

கலை என்பது உள்ளுணர்வு, உள்ளுணர்வே வெளிப்பாடு என்று 1902இல் 'எஸ்தெத்திகா' நூலில் வாதிட்டு, ஆங்கிலேயத் தத்துவவாதி காலிங்வுட் வரை பாதித்தவர் குரோச்சே.

பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் இருவர் பெயரிலும் உள்ள கட்டுரைகளைப் பார்த்தாலே இது தெளிவாகும். அந்தப் படம் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.