எந்த எலும்பு நிஜம் என்று சொல்லுங்கள்

ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறதா, வாயைப் பிளக்க மட்டும் வைக்கிறதா என்று தெரிந்துகொள்ள, எலும்புக்கூட்டின் காலடியில் உள்ள தகவல் பலகையைப் படித்தால் போதும். பெயர், நீளம், எடை, வாழ்ந்த காலம். பெரும்பாலான பலகைகள் இத்துடன் முடிந்துவிடுகின்றன. இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்பதற்கு ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரியில்தானே அறிவியலே இருக்கிறது!

அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில், பெரிய டைனோசர் ஒன்றின் விலா எலும்புகளைப் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கரும்பழுப்பு நிறத்தில், மேலெல்லாம் மயிரிழை வெடிப்புகளோடு இருந்தது. அடுத்தது வழவழவென்று, ஒரே நிறத்தில். முன்னது புதைபடிவம், பின்னது அச்செடுத்துச் செய்த நகல், அதாவது வார்ப்பு என்பது உற்றுப் பார்த்தால் தெரியும். அருகில் நின்ற ஒரு சிறுமி, "அப்பா, இதெல்லாம் நிஜ எலும்பா?" என்று கேட்டாள். அவர் குனிந்து பலகை முழுவதையும் படித்தார். விடை இல்லை. "நிஜமாகத்தான் இருக்கும்மா" என்று சொல்லி அவளை அழைத்துக்கொண்டு நகர்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மண்டபத்திலேயே மிகச் சிறந்த கேள்வியை ஒரு குழந்தை கேட்டிருக்கிறாள். அருங்காட்சியகம் அவளைக் கைவிட்டுவிட்டது.

எது வார்ப்பு என்று சொல்வதால் மதிப்பு குறைந்துவிடும் என்ற பயம் தேவையற்றது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் உள்ள 'சூ' என்ற டைரனோசாரஸின் நிஜ மண்டையோடு சுமார் 270 கிலோ எடை. கூட்டின்மேல் வைக்க முடியாத கனம் என்பதால் அதைத் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கூட்டுக்கு வார்ப்புத் தலையைப் பொருத்தியிருக்கிறார்கள். இதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்கிறார்கள். கூட்டம் குறைந்துவிடவில்லை.

தவறாக நினைத்ததையும் மறைக்கக் கூடாது என்பேன். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1915-இல் டைரனோசாரஸை நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுக்கும் கோலத்தில் நிறுத்தியது. உலகமே அந்த உருவத்தைத்தான் மனத்தில் பதித்துக்கொண்டது. ஆனால் அப்படி நிற்க வேண்டுமானால் மூட்டுகள் விலகியிருக்க வேண்டும். டைனோசர் காலடித் தடங்களின் வரிசையிலோ, வால் இழுபட்ட சுவடு மிக அரிது. 1990களில் அதே எலும்புகளைக் கழற்றி, முதுகு கிடைமட்டமாகவும் வால் அந்தரத்தில் நீண்டும் இருக்கும்படி மாற்றி நிறுத்தினார்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நின்ற கோலத்தைச் சான்றுகள் மாற்றின. பத்துப் பாடப்புத்தகங்கள் சேர்ந்தாலும் இதைவிட நன்றாக அறிவியலைச் சொல்லிக்கொடுக்க முடியாது. புதிய கோலத்தை மட்டும் காட்டிவிட்டுப் பழையதைப் பற்றி மூச்சு விடாத அருங்காட்சியகங்கள் இந்தப் பாடத்தைத் தூக்கி எறிகின்றன.

இகுவானோடான் என்ற டைனோசரின் கதையும் இப்படித்தான். 1854-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் அமைத்த சிலைகளில் அதற்கு மூக்கின்மேல் கொம்பு இருக்கிறது. 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் முழுக் கூடுகள் கிடைத்த பிறகுதான், கொம்பு என்று நினைத்தது கட்டைவிரல் முள் என்று உறுதியானது. கொம்பு வைத்த சிலைகள் இன்றும் அங்கேயே நிற்கின்றன. நிற்கட்டும்.

குதிரையின் பரிணாமத்தைக் காட்டும் வரிசைகளில் எனக்குக் குறை அதிகம். நாய் அளவு விலங்கு, ஆட்டின் அளவு, பிறகு இன்றைய குதிரை. விரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒற்றைக் குளம்பாகின்றன. பார்ப்பவருக்கு, இயற்கை ஆரம்பம் முதலே குதிரையை உருவாக்கத் திட்டமிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது புதர் போலக் கிளைத்த குடும்பம். பல கிளைகள் அழிந்தன, சிலவற்றில் உடல் மீண்டும் சிறுத்தது. நியூயார்க்கில் முன்வரிசையில் பழைய நேர்கோட்டையும் பின்வரிசையில் கிளைகளையும் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க விட்டிருக்கிறார்கள். பார்வையாளரின் அறிவை மதிப்பது என்றால் இதுதான்.

தொடுதிரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொத்தானை அமுக்கினால் உறுமுகிறது. குழந்தைகள் அமுக்குகிறார்கள், ஓடுகிறார்கள்.

நிதி இல்லை என்று நிர்வாகங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கூட்டையே கழற்றி மாட்டுவதற்குப் பெரும் பணம் வேண்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிஜ எலும்புகளை ஒரு நிறத்திலும் வார்ப்புகளை இன்னொரு நிறத்திலும் காட்டும் ஒரு சிறிய கோட்டோவியத்தைப் பலகையின் ஓரத்தில் அச்சிட எவ்வளவு ஆகிவிடும்?